கேதீஸ்வரியின் மணல் கணக்கு

என் பேத்தி கேதீஸ்வரி கிணற்றடியில் மணலை வைத்து விளையாடினாளாம். படித்துப் படித்துப் புத்தி பிசகிவிட்டதாம். பக்கத்து வீட்டு அன்னப்பூரணி ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தாள். வேலியடியில் வைத்தே கேட்டேன்.

“என்ட பேத்தி விளையாடுறாள் எண்டு உனக்கு ஆருகா சொன்ன?”

“ஆரும் சொல்லணுமா மச்சாள்? மூணு நாளா பேசின் சட்டிக்குள்ள மணலப் போட்டுத் தண்ணிய ஆட்டி ஆட்டிப் பாக்கிறாள். எனக்குக் கண் நல்லாத் தெரியும்.”

“கண் தெரியும். மத்தது தெரியாது.”

அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். எங்கள் வாவியின் முகத்துவாரத்தை மணல் மூடிக்கொள்ளும். மாரி மழைக்கு அதை வெட்டிவிடாவிட்டால் பழுகாமத்துப் பக்கம் வயல்வட்டையெல்லாம் வெள்ளத்தில் கிடக்கும். எங்கே வெட்டினால் மணல் சுணங்கி, மெதுவாக வந்து மூடும் என்று கம்ப்யூட்டரில் பார்ப்பதுதான் கேதீஸ்வரியின் வேலை. தண்ணீருக்கு ஒரு கணக்கு ஓடும். மணலுக்கு வேறு கணக்கு, ஒவ்வொரு மணல்மணிக்கும் தனித்தனியாக. தண்ணீர் மணியைத் தள்ளும், மணி தண்ணீரை மறிக்கும். கண்ணிமைக்கிற நேரத்துக்குள் இரண்டு கணக்கும் எத்தனையோ தரம் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ள வேண்டும். முதலில் மணல் மறிப்பதை அவள் சேர்க்கவில்லை. திரையில் மணல் தூசியாகப் பறந்தது. அது சரியில்லை என்று பட்டுத்தான் பேசினோடு கிணற்றடிக்குப் போனாள். அதுதான் அந்த விளையாட்டு.

பிறகு அதையும் சேர்த்து ஓடவிட்டாள். ஒன்பது நாள் நிற்காமல் ஓட வேண்டும். பத்தாம் நாள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினால்தான் அங்கே ஆராய்ச்சி செய்ய இடம் கிடைக்கும். “ஒருத்தரும் தொடாதீங்க” என்று சொல்லி வைத்திருந்தாள்.

ஏழாம் நாள் அவள் கடைக்குப் போயிருந்த நேரம் வாவிக்கு மேலே இடி இடித்தது. நான் கம்ப்யூட்டர் பிளக்கைக் கழற்றிவிட்டேன்.

பிழை என்று நான் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இடி இடித்தால் இந்த ஊரில் எல்லாரும் கழற்றுவார்கள்.

“அம்மம்மா, ஏன் கழட்டின?”

“போன வருசம் டீவி எரிஞ்சத மறந்திட்டயா?”

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நிலத்தில் குந்தியிருந்து பார்த்தாள். தண்ணீர்க் கணக்கு ஏழாம் நாள்வரை பதிவாகியிருந்தது. மணல் கணக்கின் பதிவு நாலாம் நாளோடு நின்றுவிட்டது. ஏழாம் நாள் தண்ணீருக்குள் நாலாம் நாள் மணலைப் போட முடியாதாம். இரண்டையும் நாலாம் நாளுக்குக் கொண்டுபோய்த் திரும்பத் தொடங்கினாள். ஐந்து நாள் வேலை, கையில் மூன்றே நாள்.

அந்த மூன்று நாளும் நான் அந்த அறைப் பக்கம் போகவில்லை. கணக்கு மறுபடி ஏழாம் நாளுக்கு வந்தபோது தவணை முடிந்துவிட்டது. அரைகுறையாகவே அனுப்பினாள். ஏன் அரைகுறை என்றும் எழுதினாள்.

“நான் கழட்டினதையும் எழுதினயா?”

“நடந்ததத்தானே அம்மம்மா எழுதணும்.”

இரண்டு கிழமை கழித்துப் பேராதனையிலிருந்து ஒரு பேராசிரியர் சேர் போனில் கோல் எடுத்தார். எங்கே நின்றது, ஏன் நாலாம் நாளுக்குத் திரும்பிப் போனாய் என்று ஒரு மணித்தியாலம் கேட்டார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். இடம் கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் பக்கம் கலியாணம் முடித்து வெளியே போவது ஆண்பிள்ளைதான். பெண்ணுக்கு வீடு. கேதீஸ்வரிக்கும் அவளுடைய அப்பன் கனகசிங்கம் கல்வீடு கட்டி அவள் பேரில் எழுதி வைத்திருக்கிறார். அதனால்தான் அவள் புறப்பட்ட காலையில் அன்னப்பூரணி வேலியடிக்கு வந்து நின்றாள்.

“வீட்ட ஆருக்குக்கா குடுக்கப் போறீங்க? பொண்ணு போறாளே.”

முன்கதவுப் பூட்டின் திறப்பை நான் என் முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்து, அன்னப்பூரணி பார்க்கவே கேதீஸ்வரியின் கையில் வைத்தேன்.

“மறுகா நீங்க எப்பிடிப் பூட்டுவீங்க அம்மம்மா?”

“நான் வீட்டதானே இருக்கன். பூட்டத் தேவையில்ல. நீ வந்து திற.”

கம்ப்யூட்டர்ப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள்.