ஒருவேளை மேடமும் ஏழு காளைகளும்

எந்தக் காகிதமானாலும் சரி, புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கங்களைக் கண்டுவிட்டால் அவர் கை சும்மா இருக்காது. கடைசி இரண்டையும் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் மேற்கொண்டு படிப்பார். "இருக்கறதே நானூறு மாட்டோட பால் கணக்கு. இதுல ஆயிரத்துல ஒரு பங்கு வரைக்கும் எப்படித் தெரியும்? மாடே வந்து சொல்லுச்சா?" என்பார். கால்நடை இனவிருத்தி நிலையத்தின் புள்ளியியலாளர். ஐம்பதை நெருங்கும் வயது. எதைக் கேட்டாலும் "ஒருவேளை..." என்று ஆரம்பிப்பதால், தீவனம் போடுகிறவர் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் 'ஒருவேளை மேடம்'.

வீட்டிலும் இதே கதைதான். தங்கை தன் மகளுக்கு வரன் பார்த்துவிட்டு, "பையன் தங்கம்னு மூணு பேர் சொல்றாங்க அக்கா" என்று பூரித்துப்போய் வந்தாள்.

"யார் யாரு?"

"அவனோட ரெண்டு மாமா, ஒரு சித்தப்பா."

"அப்ப ஒரே ஆள் சொன்னதா வெச்சுக்கோ."

தங்கை இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இத்தனைக்கும் பையன் உண்மையிலேயே தங்கம்தான். அதைச் சொல்லிக்காட்டியபோதும் இவர் அசரவில்லை. "தங்கம் இல்லைன்னு நான் எப்பச் சொன்னேன்?"

நிலையம் வளர்ப்பது ஒரு சின்ன இனம். கட்டைக் கொம்பு, செம்பழுப்பு நிறம். தேடிப் பிடித்து எண்ணினாலும் மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் பசுக்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் இங்கேயும் மரபணு முறை வந்து சேர்ந்தது. கன்றின் காதில் ஒரு துணுக்கு எடுத்து அனுப்பினால் போதும், நாளை அதற்குப் பிறக்கப்போகும் மகள்கள் எவ்வளவு கறக்கும் என்று இன்றே சொல்லிவிடலாம். லட்சக்கணக்கில் மாடுகள் உள்ள பெரிய இனங்களில் இது பிரமாதமாகப் பலிக்கிறது. இங்கே பலிக்கிறதா என்று பார்க்க ஓர் அளவு உண்டு. சொன்னதும் நடந்ததும் அச்சு அசலாக ஒத்துப்போனால் ஒன்று; சம்பந்தமே இல்லையென்றால் பூஜ்யம். ஒருவேளை மேடம் ஆறு மாதம் உட்கார்ந்து போட்ட கணக்கில் வந்தது பூஜ்யம் புள்ளி மூன்று.

இயக்குநர் முகம் சுளித்தார். "வெளியில சொன்னா சிரிப்பாங்க மேடம். கொஞ்சம் தட்டிக் கொட்டிப் பாருங்களேன்."

"தட்டினா மாடு உதைக்கும் சார்."

ஆகவே வெளியிலிருந்து ஓர் ஆலோசகர் மடிக்கணினியோடு வந்து இறங்கினார். அதே மாடுகளிலிருந்து, மூன்றே நாளில், பூஜ்யம் புள்ளி எட்டு ஒன்று இரண்டைக் கறந்துவிட்டார். இயக்குநருக்குக் கால் தரையில் பாவவில்லை. இனவிருத்திக்காக நிலையம் வைத்திருந்த ஏழு காளைகளுக்கும் வரிசை எண் போட்டாயிற்று. முதல் இரண்டை வைத்துக்கொண்டு மற்ற ஐந்தையும் அடிமாட்டுக்கு அனுப்புவதென்று முடிவாகி, லாரியும் வாசலில் வந்து நின்றது. பாக்கி, புள்ளியியலாளரின் கையெழுத்து ஒன்றுதான்.

கூட்டத்தில் ஒருவேளை மேடம் பேனாவைத் திறக்கவில்லை.

"ஒருவேளை நான் தப்பா இருக்கலாம்" என்று ஆலோசகரைப் பார்த்து ஆரம்பித்தார். "இந்தக் காளைங்களோட மகள்கள் கறந்த பாலை வெச்சுத்தான் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க. அப்புறம் அதே மகள்களைக் காட்டி, இது எவ்வளவு கறக்கும்னு கேட்டிருக்கீங்க. விடையைக் கையில கொடுத்துட்டுப் பரீட்சை வெச்சா யாருதான் பாஸாக மாட்டாங்க?"

ஆலோசகருக்கு மடிக்கணினித் திரையில் திடீரென்று ஏதோ அவசர வேலை வந்துவிட்டது.

"இன்னொண்ணு சார். ரெண்டே காளையோட நின்னா, கொஞ்ச வருஷத்துல அண்ணன் தங்கச்சி முறை வராத ஜோடியே இந்த இனத்துல கிடைக்காது. அஞ்சையும் வெட்டிட்டு, அப்புறம் தப்புன்னு தெரிஞ்சா எங்க போய்த் தேடுவீங்க?"

"நான் கேட்டது கையெழுத்து, பிரசங்கம் இல்ல" என்றார் இயக்குநர். "உங்க பதவி உயர்வு ஃபைல் என் மேஜையிலதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

ஒருவேளை மேடம் கையெழுத்துக்கு வைத்திருந்த தாளை அவர் பக்கமே நகர்த்தினார். பேனா மூடியபடியேதான் கிடந்தது.

அதுவரை தேநீரில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்த மாடு வளர்ப்போர் சங்கத் தலைவர் அப்போதுதான் பட்டியலைக் கையில் எடுத்தார். மரபணு முறையை 'கம்ப்யூட்டர் ஜோசியம்' என்று நான்கு வருடமாகக் கேலி செய்துவந்தவர். ஏழாவது இடத்தில், கட்டக்கடைசியாக நின்றது அவர் பண்ணையில் பிறந்த காளை. பிஸ்கட் கோப்பைக்குள் விழுந்தது.

"மேடம் சொல்றதுதான் சார் விஞ்ஞானம்!" என்று மேஜையைத் தட்டினார். "கணக்கு தெரிஞ்சவங்க சொன்னா கேட்டுக்கணும். ஒரு காளை இங்கேருந்து போனாலும் சங்கம் சும்மா இருக்காது!"

சங்கத்தைப் பகைத்துக்கொண்டு நிலையம் நடத்த முடியாது. அரை மணி நேரத்தில் லாரி வெறுமனே திரும்பிப் போனது.

வெளியே வந்ததும் தலைவர் கைகூப்பினார். "குலத்தையே காப்பாத்திட்டீங்கம்மா. அப்படியே, என் காளைதான் முதல் இடம்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்க."

"அது எனக்குத் தெரியாதுங்களே. ஒருவேளை அதுதான் கடைசியாவும் இருக்கலாம்."

கூப்பிய கை பிரிந்தது. "அப்ப இவ்வளவு நேரம் எதுக்கும்மா வாதாடினீங்க?"

"தெரியாதுன்னு சொல்லத்தாங்க."

தலைவர் விடுவிடுவென்று போய்விட்டார். பதவி உயர்வு ஃபைல் மேஜையின் அடுக்கில் எல்லாவற்றுக்கும் அடியில் போயிற்று. நிலையத்தின் ஆண்டு மலரில், எண் எதுவும் போடாமல், 'மரபணுத் தேர்வின் துல்லியம்: மிகச் சிறப்பு' என்று அச்சாகி வந்தது.

மலர் வந்த அன்று சாயங்காலக் கறவையின்போது ஒருவேளை மேடம் தொழுவத்தில் இருந்தார். கறவைக்காரர் மடியிலிருந்து கையை எடுத்து, "ஒம்பதரைன்னு போட்டுக்குங்க மேடம். இது எப்பவும் அவ்வளவுதான்" என்றார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சாண ஈரத்தில் மண்டியிட்டு, அளவுப் பாத்திரத்தின் கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்து, நுரை அடங்குவதற்காகக் காத்திருந்தார்.