கடைசி வீட்டுக்கு வராத குரல்

லெப்பைக்குடிகாட்டு நஜீமுதீனுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. அதனால் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. குவைத்தில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் கடையில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு, முதுகுவலியோடு ஊர் திரும்பியவர். வந்த கையோடு பள்ளிவாசல் மைக்செட் அவர் தலையில் விழுந்தது.

எங்கள் தெருக்களில் பெண்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பள்ளிவாசல் போவதில்லை. வீட்டிலேயே ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் பயான் என்கிற மார்க்கப் பிரசங்கம் கேட்பார்கள். அதற்காகப் பள்ளிவாசலிலிருந்து மொட்டைமாடிகள் வழியாக ஒரு மெல்லிய ஒயர் ஓடுகிறது. முதலில் சில வீடுகள்தான். பிறகு வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் போன் செய்ய ஆரம்பித்தார்கள். "மாமா, உம்மாவுக்கு ஒரு பெட்டி மாட்டி வுட்டுடுங்க" என்பான் கத்தாரில் இருக்கும் அல்தாப். இவரும் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒவ்வொரு பெட்டியும் ஒயரில் வருவதில் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? இந்த ஒரு பெட்டியில் என்ன ஆகிவிடப்போகிறது என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தார்.

ஒயர் போய் முடிவது அவர் வீட்டில். ஊருக்கெல்லாம் பயான் கேட்டது, அவர் வீட்டுப் பெட்டியில் கொசு பறக்கிற சத்தம்தான். விளக்குக்கு அடியில் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

அவர் மனைவி நஜ்முன்னிசா பக்கவாதத்தில் படுத்துக் கிடக்கிறாள். படுத்த புதிதில் தெருவே திரண்டு வந்து பார்த்தது. இப்போது எட்டிப் பார்க்கவும் ஆளில்லை. வெள்ளிக்கிழமை துஆவில், தொழுகை நடத்தும் ஹஜ்ரத் நோயாளிகளுக்காகப் பெயர் சொல்லி வேண்டுவார். அதில் தன் பெயர் இன்னும் வருகிறதா என்று தெரிந்தால் போதும் அவளுக்கு.

"இன்னிக்கி என் பேரு சொன்னாங்களா?"

"சொன்னாங்க நஜ்மு."

"என் மனசு நோவக் கூடாதுன்னு சொல்றீங்க. ஊரு என்னை மறந்து ரொம்ப நாளாச்சு. என் காதால கேட்டாத்தான் நம்புவேன்."

அவர் சொன்னது உண்மை. வாராவாரம் உண்மையைச் சொல்லிப் பொய்யன் என்று பெயர் வாங்குவதுபோல் அலுப்பூட்டுவது வேறில்லை.

சத்தம் போதவில்லை, கூட்டினால் சரியாகிவிடும் என்று அவர் கணக்குப் போட்டார். பள்ளிவாசலில் ஒயர் புறப்படும் இடத்தில் டிரான்சிஸ்டர் என்ற மூன்று கால் உருப்படி ஒன்றைச் சேர்த்து, அதில் கலெக்டர் என்கிற காலிலிருந்து ஒயருக்குக் கொடுத்தார். இப்படி எடுத்தால் சத்தம் பல மடங்காகும். மேஜையில் வைத்துப் பார்த்தபோது ஆகவும் செய்தது. ஆனால் அத்தனை வீட்டுப் பாரமும் ஏறியதும் படுத்துவிட்டது. இன்னொன்றைச் சேர்த்தார். முன்வீடுகளில் ஹஜ்ரத்தின் குரல் தொண்டை கட்டியதுபோல் கரகரத்தது. கடைசி வீட்டில் அதே கொசுதான். பயானைக் கெடுத்துவிட்டார் என்று பேச்சு வாங்கியதுதான் மிச்சம்.

ஏணி ஏறவும் தெம்பில்லாமல் பள்ளிவாசல் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. குரல் சின்னதாக இருப்பதல்ல கோளாறு, இத்தனை வீட்டை அதனால் தாங்க முடியவில்லை.

சேர்த்ததையெல்லாம் கழற்றினார். பெரிய டிரான்சிஸ்டர் ஒன்றைப் போட்டு, சூடு தாங்க அலுமினியத் தகடும் வைத்து, இந்தத் தடவை எமிட்டர் என்கிற இன்னொரு காலிலிருந்து ஒயருக்குக் கொடுத்தார். எமிட்டர் ஃபாலோயர் என்பார்கள். இதில் சத்தம் பெரிதாகவே ஆகாது. உள்ளே போன அளவுக்கு, சொல்லப்போனால் ஒரு துளி குறைவாகத்தான் வெளியே வரும். ஆனால் எத்தனை பெட்டி இழுத்தாலும் அந்த அளவு அநேகமாக இறங்காது.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வேகமாக வீட்டுக்கு வந்தார். நஜ்முன்னிசா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"கேட்டுச்சா?"

"நல்லா கேட்டுச்சு. என் பேரும் சொன்னாங்க."

அவருக்கு உடம்பே லேசானது. "நான்தான் சொன்னேன்ல. ஊரு உன்னை மறக்கல."

அவள் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"மறந்துட்டாங்கன்னு நெனச்சுத்தான் இத்தனை நாளும் மனசைத் தேத்திக்கிட்டேன்" என்றாள். "ஞாபகம் வெச்சுக்கிட்டேவா ஒருத்தரும் வராம இருக்காங்க?"

நஜீமுதீன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.