சுடலைமுத்துவுக்கு ஒரு சட்டை

கொம்பியூட்டரை மூடியிருந்த பழைய சேலைத் துண்டை வாசலில் நின்று உதறிவிட்டு, அதன் உட்பக்கத்தால் திரையைத் துடைத்தாள் தாட்சாயினி. வவுனியாப் புழுதி எந்தக் கதவுக்கும் அடங்குவதில்லை. ஒருநாள் துடைக்காமல் விட்டால் திரையில் வரும் முகங்களுக்கெல்லாம் மெல்லிய செம்மண் படிந்துவிடும்.

"குளிச்சிட்டு வந்த ஆக்களைப்போல இருக்கவேணும் பிள்ளை. புதைச்ச கிடங்காலை எழும்பி வந்த ஆக்களைப்போல இல்லை" என்பார் ஸ்ரூடியோ முதலாளி ராஜரத்தினம். அவருடைய பகிடி அப்படித்தான். அங்கே படம் செய்யக் கொடுக்கப்படுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் செத்தவர்கள்.

அது இரண்டாயிரமாம் ஆண்டு. அதற்கு முன் தாட்சாயினி கிளிநொச்சியில் தையல்காரி. தொண்ணூற்றாறில் சண்டையால் ஊர் முழுவதும் கிளம்பியபோது தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனாள். கனகராயன்குளத்தில் அதையும் ஒரு மூட்டை அரிசிக்குக் கொடுத்தாயிற்று. வவுனியாவுக்கு வந்து சேர்ந்தபோது கையில் மிஞ்சியது கத்தரிக்கோல். பேசி வந்த இரண்டு கலியாணமும் இடம்பெயர்வில் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டன. அதைப்பற்றி அவள் யாரிடமும் முறைப்பட்டதில்லை.

அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க வந்த இடத்தில்தான் இந்த வேலை கிடைத்தது. கண்ணாடிக்குப் பின்னால் மாட்டியிருந்த மாதிரிப் படத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணை, இந்த ஐயாவின்ரை கோட்டுக்குப் பொம்பிளைச் சட்டையைப்போல இடப்பக்கம் தெறி வைச்சிருக்கிறியள்" என்றாள். ராஜரத்தினம் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். செய்தவன் கனடாவுக்குப் போய்விட்டான், நீ வந்து இருக்கிறியோ என்று கேட்டார். இருந்தாள்.

சனங்கள் கொண்டுவருவது பெரும்பாலும் தலை மட்டும்தான். அடையாள அட்டைப் படத்தின் தலை, கூட்டத்துக்குள் எட்டிப் பார்க்கும் தலை. கழுத்துக்குக் கீழே ஒன்றும் இராது. அதற்கு உடம்பு வரைந்து உடுப்புப் போடுவது அவள் வேலை. ஆம்பிளை என்றால் நீலக் கோட்டும் கழுத்தில் சிவப்பு ரையும். பொம்பிளை என்றால் சரிகை போட்ட காஞ்சிபுரம். வாழ்நாள் முழுக்கச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் நின்றவர்கள் அவளிடம் வந்து வெள்ளைக்காரர்களாகிப் போனார்கள். ஒன்பது வயதில் செல்லடி பட்டுச் செத்துப்போன மகளுக்குக் கூறைச்சேலை கட்டிவிடு என்று ஒரு தாய் கேட்டாள். தாட்சாயினி கட்டிவிட்டாள்.

"கோட்டு லேசு அண்ணை. அது எப்பிடி மடியும் எண்டு இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது, பிழை பிடிக்க ஆளில்லை. சாரமும் சேட்டும் எண்டால் குழந்தைப்பிள்ளையும் பிழை சொல்லும்" என்பாள்.

கோட்டு ஒன்றுதான். ஒருமுறை நன்றாக வரைந்து வைத்ததை எல்லோருக்கும் போட்டாள். நாளடைவில் அது அவளுக்கு வினையாகிப்போனது. ஒரு வீட்டில் தண்ணீர் குடிக்க நுழைந்தால், சுவரில் அந்தக் கோட்டு இருந்தது. அதே இடது முழங்கை மடிப்பு, வேறு முகம். அடுத்த ஒழுங்கையில் இன்னொரு முகம். ஒரே ஆள் தலையை மாற்றி மாற்றி அவளுக்கு முன்னால் போய் ஒவ்வொரு வீட்டிலும் ஏறி நிற்பதுபோல இருந்தது. சனங்களும் பழகிவிட்டார்கள். சுவரில் கோட்டுக்காரர் இருந்தால், அந்த வீட்டில் யார் இல்லை என்று கேட்கத் தேவையில்லை.

ஒருநாள் வேலை குறைந்த நேரம் ராஜரத்தினம், "எங்கை, என்ரை தலையை ஒருக்கா வைச்சுக் காட்டு" என்றார். வைத்தாள். கோட்டு அவருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது. 

"அழி பிள்ளை, அழி" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விட்டார்.

இந்த இடத்துக்குத்தான் ராக்காயி வந்தாள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு வந்து நெடுங்கேணிக் காட்டோரம் குடியேறிய குடும்பம். இப்போது வவுனியாவில் அகதி முகாமில் இருக்கிறார்கள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. மடியிலிருந்து ஒரு கோயில் திருவிழாப் படத்தை எடுத்தாள். இரண்டு பேருடைய தோள்களுக்கு நடுவே ஒரு தலை தெரிந்தது.

"இவருதான் எங்க வீட்டுக்காரரு. சுடலைமுத்து. வெறகுக்குப் போனவரு, ரெண்டு வருசமாச்சு. வரல."

மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள், தகப்பன் இருக்கிறாரா இல்லையா என்று முதலில் ஒரு முடிவு சொல்லுங்கள் என்கிறார்களாம். முகாமில் எல்லோரும் படத்தைச் செய்து, மாலையைப் போட்டு, காரியத்தை முடி என்கிறார்களாம். முடித்தால் ராக்காயியின் பொட்டுப் போகும். மகளின் கலியாணத்தில் தாலிகட்டும்போது அவள் கூட்டத்துக்குப் பின்னால் நிற்கவேண்டும்.

"அப்ப கோட்டுத்தானே?" என்றார் ராஜரத்தினம்.

"கோட்டு வேணாங்க. கோட்டுப் போட்டா செத்தவருன்னு ஆயிரும். வீட்டுல எப்படி இருப்பாரோ அப்படிப் போடுங்க. சாரம், சட்டை, தோள்ல துண்டு. வந்தவங்க பாத்துட்டு, ஆளு எங்கயோ வேலைக்குப் போயிருக்காருன்னு நெனைக்கணும்."

"இவள் வேறை வில்லங்கம் பிடிச்சவளா இருக்கிறாள்" என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் தேத்தண்ணி வாங்கப் போனார்.

தாட்சாயினிக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. வெகுகாலத்துக்குப் பிறகு ஒரு உயிருள்ள ஆளுக்கு உடுப்புத் தைப்பதுபோல. தலையை வெட்டி எடுத்துப் பெரிதாக்கினாள். கழுத்தும் தோளும் வரைந்து வெள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டாள்.

"இல்ல புள்ள. வெள்ள எங்க போட்டாரு? கட்டம் போட்டது. ஊதாக் கட்டம்."

கட்டம் போட்டாள்.

"இது மாப்பிள்ள சட்ட. அவரு சட்ட இவ்வளவு வெறப்பா இருக்காது."

விறைப்பைக் குறைத்தாள். கொலரைத் தளர்த்தினாள். பிழை, பிழை என்று சொல்லச் சொல்லத் திருத்தினாள். சுடலைமுத்து மெல்ல மெல்லக் கிட்ட வருவதுபோல இருந்தது.

"ஆங், அதுதான்!" ராக்காயி கதிரையை இழுத்துக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனாள். குரல் மாறியது. "மேல் பொத்தான் ரெண்டும் இல்ல. பிஞ்சு போச்சு. இந்தத் தோள்ல கிழிசல். இல்ல, இன்னும் கீழ, முள்ளு கிழிச்ச மாதிரி நீளமா."

தாட்சாயினி கிழித்தாள்.

"சட்ட ஒடம்போட ஒட்டிக் கிடந்துச்சு. கட்டமே கறுப்பாத் தெரிஞ்சுச்சு, இப்படி இல்ல. சாரம் முழங்கால் வரைக்கும் சேறு. துண்டு தோள்ல இல்ல, கழுத்துல சுத்தி இருந்துச்சு. இறுக்கமா."

துணி நனைந்தால் எப்படிக் கனக்கும், எங்கே ஒட்டும், எங்கே தொங்கும் என்பது தையல்காரிக்குத் தெரியும். கை தானாக வரைந்துகொண்டு போனது. துண்டைக் கழுத்தில் சுற்றி முடித்தபோதுதான் அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

திருவிழாவில் சிரித்த முகம். அதற்குக் கீழே ஈரம் சொட்டும் உடம்பு.

தேத்தண்ணியோடு உள்ளே வந்த ராஜரத்தினம் திரையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். "ஐயோ பிள்ளை, இதென்ன கோலம்? குளத்தாலை தூக்கிப் போட்ட பிரேதத்தைப்போல!"

 இவ்வளவு நேரமும் தான் சொல்லிக்கொண்டிருந்ததை ராக்காயி அப்போதுதான் கண்டாள் போலிருந்தது. தேத்தண்ணிக் கோப்பை அவளுக்கு நீட்டப்பட்டபடியே இருந்தது. அவள் வாங்கவில்லை.

 படத்தில் இருந்தவர் மூன்று பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சட்டையக் காய வச்சுக் குடு புள்ள" என்றாள் ராக்காயி, மெதுவாக. "துண்ட எடுத்துத் தோள்ல போட்டுரு."

தாட்சாயினிக்கு அது பெரிய வேலையில்லை. கிழிசலை மூடலாம், தெறி வைக்கலாம், சேற்றைக் கழுவலாம், ஊதாக் கட்டம் வெயிலில் காய்ந்ததுபோல வெளிறச் செய்யலாம். நாளைக்கே ராக்காயி அந்தப் படத்தோடும் பொட்டோடும் வந்தவர்களுக்கு முன்னால் நிற்கலாம். மவுஸைத் தொட்டாள். ஆனால் கை ஓடவில்லை.

"காய வைக்கிறன் அக்கா. அதொண்டும் கஷ்டமில்லை." கதிரையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். "விறகுக்குப் போன மனுசனை இந்தக் கோலத்திலை நீங்கள் எங்கை கண்டனீங்கள்?"

ராக்காயி மேசையில் கிடந்த திருவிழாப் படத்தை எடுத்து மடியில் செருகினாள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ராஜரத்தினம் வழிவிட்டு ஒதுங்கினார்.

"அக்கா, உங்களைத்தான் கேக்கிறன்."

அவள் நெற்றிப் பொட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.