சொசைட்டி மைக்கில் நடந்த மாதிரிக் கூட்டம்

வியாழக்கிழமை காலை சேலத்தில் பஸ் ஏறினேன். தோளில் ஒரு பை, கக்கத்தில் சுருட்டிய பேனர், மடியில் நானே வரைந்த ஒரு கட்டுப் பட அட்டைகள். கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பொதுப்பேரவை எதற்கு, தீர்மானத்தை யார் முன்மொழிவது, யார் வழிமொழிவது என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்கிறேன். கேட்பவர்கள் தூங்குவார்கள். தூங்காமல் இருக்கத்தான் பட அட்டை. அதைப் பார்த்தும் தூங்கினால் என் கடைசி ஆயுதம் மாதிரிக் கூட்டம். அவர்களுக்குள்ளேயே ஒருவரைத் தலைவராக்கி, ஒரு கூட்டத்தை நடித்துக் காட்டச் சொல்வேன். நடிக்கச் சொன்னால் நம் மக்களுக்குத் தூக்கம் போய்விடும்.

இந்தத் தடவை போனது ஓசூர் – இராயக்கோட்டைச் சாலையில், உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பால் உற்பத்தியாளர் சங்கத்துக்கு. ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். அந்தச் சங்கத்தின் தலைவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

கிருஷ்ணகிரியில் இறங்கி இராயக்கோட்டை பஸ் பிடித்திருந்தால் சுருக்கமாக முடிந்திருக்கும். ஆனால், "ஓசூர் வந்துருங்க, ஜீப் நிக்கும்" என்று எங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அந்தச் சொல்லை நம்பி இன்னும் ஐம்பது கிலோமீட்டர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து ஓசூர் போய்ச் சேர்ந்தேன். ஜீப் நிற்கவில்லை. போன் செய்தால், ஜீப் தளிப் பக்கம் போய்விட்டது, சாயந்திரம் வரும், நாளைக்கும் வரலாம் என்றார்கள்.

ஓசூர் பஸ் நிலையத்தில் டீக்கடைக்காரர் என்னிடம் கன்னடத்தில் என்ன வேண்டும் என்று கேட்டார். நான் விழித்ததும் தெலுங்குக்கு மாறினார். அதற்கும் விழித்ததும், "டீயா, காப்பியா?" என்று தமிழுக்கு இறங்கி வந்தார். என் ஊர் மாயவரம். அங்கே யாரும் ஒரு டீக்காக என்னிடம் இவ்வளவு பொறுமை காட்டியதில்லை.

மூன்று மணி சுமாருக்கு இராயக்கோட்டை டவுன் பஸ் வந்தது. எனக்கு டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். பெண்களுக்கு இலவசம் என்பதால் பஸ் நிறையப் பெண்கள், பாதிப் பேர் கம்பெனி யூனிபாரத்தில். நான் நின்றுகொண்டிருந்தேன், என் பேனர் ஒரு பெண்ணின் நெற்றியில் இடித்தது.

"அண்ணா, அத என்கிட்ட குடுங்க. உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்று வாங்கி வைத்துக்கொண்டாள். பிரித்துப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "எங்க ஊர் சொசைட்டிக்கா வர்றீங்க?"

பெயர் மஞ்சுளா. ஓசூரில் ஒரு கம்பெனியில் முதல் ஷிப்ட் வேலை. வழக்கமாகக் கம்பெனி பஸ்ஸில் திரும்புவாளாம். அன்றைக்கு வேலை நீண்டுவிட்டதால் டவுன் பஸ். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை. பிள்ளைகள் சின்னவர்கள். மாமியாருக்கு முட்டி வலி. வீட்டில் இரண்டு கறவை மாடு.

"காலையில அஞ்சே காலுக்குக் கம்பெனி பஸ் வந்துருதுங்கண்ணா. சொசைட்டி தொறக்கறது ஆறு மணிக்கு மேல. கறந்த பால வெச்சிக்கினு நான் என்னா பண்றது? பால் யாவாரம் பண்ற வெளியாள் வந்து கேட்டா, அவன் சொன்ன விலைக்குக் குடுத்துட்டு ஓடறேன். இப்ப அவனும் சரியா வர்றதில்ல. இந்த மாசத்துக்குள்ள மாட்ட விக்கணும், இல்ல வேலைய வுடணும்."

"பொதுப்பேரவையில சொல்லக்கூடாதாம்மா? உறுப்பினருக்கு அந்த உரிமை இருக்கு" என்று என் பாடத்தை ஆரம்பித்தேன்.

"மீட்டிங்கா? தலைவர் பேசுவாரு. மிக்சர் குடுப்பாங்க. கையெழுத்துப் போட்டுட்டு வந்துருவோம்."

சானமாவுக் காடு வந்ததும் பஸ் நின்றது. முன்னால் வரிசையாக வண்டிகள். யானைகள் சாலையைத் தாண்டப் போவதாக வனத்துறைக்காரர்கள் மறித்திருந்தார்கள். நான் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தேன். மற்றவர்கள் போனை எடுத்துக்கொண்டார்கள், இரண்டு பேர் பூண்டு உரித்தார்கள். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"அதுங்க இஷ்டம் சார். நம்ம ஆரன் அடிச்சா அதுங்க நம்மள அடிக்கும்" என்றார். முக்கால் மணி நேரம் கழித்து விட்டார்கள். ஒரு யானையின் வால்கூட என் கண்ணில் படவில்லை. ஊருக்குத் திரும்பியதும் நான்கு யானை பார்த்ததாகச் சொல்லிவிட்டேன் என்பது வேறு விஷயம்.

சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயந்திரப் பால் வரிசை. எல்லோர் கையிலும் தூக்குவாளி. எடை மெஷின் தயார், பால் டெஸ்ட் பண்ணும் மெஷின் தயார், செயலாளர் கோவிந்தராஜ் தயார். ஆனால் யாரும் ஊற்றவில்லை.

"தலைவர் வரணுங்க" என்றார் கோவிந்தராஜ். "மொதல் பால் அவுருதுதான். அவரு அப்பா தலைவரா இருந்த காலத்திலேர்ந்து அப்பிடி. ராசிங்க சார். சாவியும் அவருகிட்டதான் இருக்கும்."

கொஞ்ச நேரத்தில் தலைவர் வெங்கடப்பன் வந்தார். நெற்றி நிறைய விபூதி, மொறமொறவென்று வெள்ளைச் சட்டை, கையில் பளபளக்கும் எவர்சில்வர் வாளி. அவர் ஊற்றியதும் வரிசை நகர்ந்தது. காலையிலும் இதேதான் என்று தெரிந்துகொண்டேன். எழுந்து, குளித்து, கோயிலைச் சுற்றிவிட்டு அவர் வர ஆறேகால் ஆகும். மஞ்சுளாவின் மாடுகளுக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் நடுவே நின்றது இந்த வாளிதான்.

மனிதர் மோசமில்லை. இரவு அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. களி உருண்டையும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டு, போதும் போதும் என்று நான் கும்பிட்ட பிறகும் உள்ளேயிருந்து அவர் மனைவி அனுப்பிய மூன்றாவது உருண்டையையும் வைத்தார். படுக்க சங்கத்து மாடி அறை. மாட்டுத் தீவன மூட்டைகளுக்கு நடுவே தூங்கினேன், காலையில் என் சட்டையை மோந்து பார்த்து ஒரு கன்றுக்குட்டி கூடவே வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்காகக் காத்திருந்து, பயிற்சியை மூன்று மணிக்கு ஆரம்பித்தேன். அறையில் ஒரு முப்பது பேர் இருப்பார்கள். என் தொண்டை கட்டியிருப்பதைப் பார்த்து கோவிந்தராஜ் மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். பட அட்டைகளைக் காட்டினேன். மூன்றாவது அட்டையில் முதல் குறட்டை கேட்டது. உடனே கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

மாதிரிக் கூட்டத்துக்கு எனக்கு ஒரு முறை உண்டு. பதவியில் இருப்பவரைச் சாதாரண உறுப்பினராக்கிவிடுவேன். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்தால்தான் நாற்காலியின் உயரம் தெரியும் என்பது என் கட்சி. மஞ்சுளாவைத் தலைவர் நாற்காலியில் உட்காரவைத்தேன். வெங்கடப்பனிடம், "ஐயா, நீங்க ஒரு குறை சொல்ற உறுப்பினர். நல்லா கோவமா பேசணும்" என்றேன்.

"என்னா குறை சொல்றது? நம்ம சொசைட்டில குறையே கிடையாதே" என்று யோசித்தார் அவர்.

"சொசைட்டி லேட்டாத் தொறக்குதுன்னு சொல்லுங்க" என்றாள் மஞ்சுளா, தலைவர் நாற்காலியிலிருந்து.

வெங்கடப்பன் மைக்கை வாங்கினார். சின்ன வயதில் தெருக்கூத்தில் வேஷம் கட்டியவராம், அதை யாரும் என்னிடம் முன்பே சொல்லவில்லை. "ஏம்மா தலைவரே!" என்று அவர் எடுத்த குரலில் குறட்டைக்காரர் எழுந்து உட்கார்ந்தார். "ஷிப்டுக்குப் போற பொம்பளைங்க பாலை எங்க ஊத்துவாங்க, உன் தலையிலயா? அஞ்சு மணிக்குத் தொறந்தா உனுக்கு என்னா கொறஞ்சி போகுது? மொதல் பாலு, மொதல் பாலுன்னு ஒருத்தனுக்காக ஊரே நிக்கணுமா? அவன் மாடு மட்டும் தங்கத்துலயா கறக்குது?"

கைதட்டல் அடங்கவே இல்லை. வெளியேயும் யாரோ இதையே பேசுவது போலக் கேட்டது. கோயிலில் ஏதோ நிகழ்ச்சி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மஞ்சுளா அசராமல், நாளை முதல் காலை ஐந்து மணிக்குத் திறப்பது, வரிசையில் முன்னால் வந்தவர் முன்னால் ஊற்றுவது என்று தீர்மானத்தை மைக்கில் படித்தாள். வெங்கடப்பனே வழிமொழிந்தார். எல்லாரும் கை தூக்கினார்கள். அந்த நேரம் பார்த்து போண்டா வந்தது, எனவே கலைந்தோம். என் பயிற்சி வாழ்க்கையிலேயே சிறந்த மாதிரிக் கூட்டம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. சானமாவுக் காட்டில் மறுபடியும் யானை நிற்கிறது, காலையில் போகலாம் என்றார்கள். தங்கிவிட்டேன்.

சனிக்கிழமை விடிவதற்கு முன் கீழே ஒரே சத்தம். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். வியாழக்கிழமை சாயந்திரம் பார்த்ததைப் போல இரண்டு மடங்கு கூட்டம், வாளியும் தூக்குமாக நின்றது. வெளியாளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தவர்கள்கூட வந்திருந்தார்கள். கோவிந்தராஜ் பனியனோடு ஓடி வந்தார்.

"சார், அந்த மைக்கு மாடி மேல கட்டியிருக்கற ஆரன் ஸ்பீக்கருக்குத்தான் சார் கனெக்சன்! டாக்டர் வந்தா, தீவனம் வந்தா அதுலதான் சொல்லுவோம். அதுல சொன்னா ஊரு கேக்கும், கேட்டா வந்துரும்."

"அப்ப நேத்து ஏன்யா சொல்லல?"

"நீங்க படிச்சவங்க, தெரிஞ்சிதான் பேசறீங்கன்னு நெனச்சேன்."

வெங்கடப்பன் மங்கி கேப் மாட்டிக்கொண்டு சாவியோடு வந்தார். கையில் வாளி இல்லை, அவர் மாடு இன்னும் கறக்கவில்லை. என்னைத் தனியே இழுத்தார். "சார், மைக்குல சொல்லிருங்க. அது சும்மா பயிற்சி, வழக்கம்போல ஆறு மணிக்குத்தான்னு. நான் சொன்னா நல்லா இருக்காது."

பயிற்சி நடந்ததற்கு அவர்தான் எனக்குக் கையெழுத்துப் போட வேண்டும். வரிசையில் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ மஞ்சுளா, யூனிபாரமும் கழுத்தில் அடையாள அட்டையும் இரண்டு கையிலும் தூக்குமாக நின்றாள். என்னையே பார்த்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் கோவிந்தராஜ் மாடியிலிருந்து கொண்டுவந்த மைக்கை வாங்கிவிட்டேன். "நேத்து நடந்தது பயிற்சிங்க..." என்றேன். ஊர் முழுக்க என் குரல் கேட்டது.

"அதான் சார்" என்றார் வரிசையில் முதலில் நின்றவர். "பயிற்சி எதுக்குக் குடுக்கறது? அது மாதிரி செய்யறதுக்குத்தான?"

இதற்குப் பதில் என் பட அட்டை எதிலும் இல்லை. பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "இருவது வருசமா இவரு பேச்சக் கேக்கறேன். நேத்துதான் நாயமாப் பேசினாரு. அதயும் பொய்யின்னு சொல்லிராதீங்க சார்." திரும்பிப் பார்த்தால், வெங்கடப்பனின் மனைவி. எனக்கு மூன்றாவது களி உருண்டையை அனுப்பி வைத்த அதே அம்மாள்.

வரிசை சிரித்தது. வெங்கடப்பன் மங்கி கேப்பைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு பூட்டைத் திறந்தார். திறந்த பின்பும் யாரும் உள்ளே போகவில்லை. ராசி என்பது அவ்வளவு சுலபமாகப் போகிற சமாச்சாரமா? முதலில் நின்றவர்கூட வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நின்றார். தூரத்தில் கம்பெனி பஸ்ஸின் ஆரன் கேட்டது.

"என்னா வேடிக்க பாக்கறீங்கோ?" என்று வெங்கடப்பன் கத்தினார். "அந்தப் பொண்ணுக்கு வழி வுடுங்க. ஊத்தும்மா, பஸ் வந்துருச்சி."

மஞ்சுளா ஊற்றினாள். காலித் தூக்குகளை மாமியாருக்குக் கொடுக்கச் சொல்லிக் கோவிந்தராஜிடம் தள்ளிவிட்டு ஓடினாள். நானும் பையோடு பின்னால் ஓடினேன். கையெழுத்து வாங்கவில்லை, கேட்கத் தைரியமும் இல்லை. ஊர்ப் பெயரை எங்கேயும் எழுத மாட்டேன் என்று சத்தியம் மட்டும் செய்துவிட்டு வந்தேன்.

கம்பெனி பஸ்ஸில் வெளியாட்களை ஏற்ற மாட்டார்கள். "எங்க சொசைட்டி சார்" என்று மஞ்சுளா சொன்னதும் டிரைவர் கடைசி சீட்டைக் காட்டினார். எங்கள் ஊர்ச் சங்கத்தில் அச்சடித்த விதிகள் சுவர் முழுக்கத் தொங்குகின்றன. நானே ஒட்டியவை. அவற்றால் யாருக்காகவும் எதுவும் அரை மணி நேரம்கூட முன்னால் நகர்ந்ததில்லை என்று நினைத்துக்கொண்டே வந்தேன். மனசு சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. சானமாவு தாண்டியதும் மஞ்சுளாவிடம் கேட்டுவிட்டேன்.

"இன்னிக்கு தொறந்துட்டாரு. நாளைக்கு மறுபடியும் தூங்கிட்டாருன்னா?"

"நான் மைக்குல கூப்புடுவேன்."

"நீ எப்படிம்மா கூப்பிடுவ?"

"நான்தான தலைவரு?" என்றாள். "நாற்காலியில உக்கார வெச்சீங்க. எறங்குன்னு நீங்க சொல்லவே இல்லியே."