ஆறில் இரண்டு

மேலகரத்தில் என்னிடம் கீபோர்டு படிக்க வரும் பிள்ளைகள் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்றுதான்: சிக்ஸ் எயிட் தாளம். ஒன்று முதல் ஆறு வரை வாய்ப்பாடு மாதிரி எண்ணுவார்கள், வாசிப்பு நொண்டும். இதில் அடி இரண்டுதான், ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று அடங்கியிருக்கிறது என்பேன். 'தகிட தகிட' என்று சொல்லி நடக்க வைப்பேன், ஒரு தகிடவுக்கு ஒரு கால். ஒன்றிலும் நாலிலும் கனம் விழ வேண்டும். ஒன்று, மூன்று, ஐந்தில் விழுந்தால் 'தக தக தக' ஆகிவிடும். எண்ணிக்கை அதே ஆறுதான், ஆனால் ஒருத்தராலும் ஆட முடியாது.

என் வீட்டுக்காரர் இதையெல்லாம் எண்ணினவரே இல்லை. எங்கள் மெல்லிசைக் குழுவில் ரிதம் பேட் அவருடையது. குச்சியால் தட்டினால் டிரம் சத்தம் வருகிற பலகை அது. கல்யாண வீட்டில் அவர் சிக்ஸ் எயிட் பிடித்தால் சாம்பார் வாளியோடு நிற்கிறவர்கூட ஆடுவார். போன வருஷம் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. தென்காசி ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்ததில் கால் தேறியது. கை பாதிதான் தேறியது.

அதன் பிறகுதான் எண்ண ஆரம்பித்தார். வலது, இடது என்று மாற்றி மாற்றி அடிக்கும்போது ஒன்று வலது கையில் விழும், நாலு இடது கையில் விழும். அந்த நாலுக்குத்தான் கனம் இல்லை. வலது கை விழுகிற ஒன்று, மூன்று, ஐந்து மட்டும் ஓங்கிக் கேட்டது. முதல் சுற்றிலேயே எனக்கு அது 'தக தக தக' என்றுதான் கேட்டது.

"கேளுட்டி, ஆறும் விழுதா?"

"ஆறும் விழுது. நாலுல கனம் இல்லங்க."

"எண்ணிப் பாத்துச் சொல்லு. பேடும் இல்லன்னா நான் எதுக்குட்டி இருக்கேன்?"

அதற்கு மேல் நான் தடுக்கவில்லை. குற்றாலத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்புக்கு அவரும் வருகிறார் என்று முடிவாயிற்று. குழு நடத்துகிற தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"மைனி, அண்ணாச்சி ஆசப்படுதாவ, வாசிக்கட்டும். இடறிச்சுன்னா ஒங்க கீபோர்டுல தானா ஓடுத தாளத்தப் போட்டுருங்க. பேட் சத்தத்த நான் கொறச்சிருதேன்."

நல்ல மனசோடுதான் சொன்னான். அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

மெதுவான பாட்டுகள் ஒப்பேறின. பிறகு மாப்பிள்ளையின் கூட்டாளிகள் குத்துப்பாட்டு கேட்டார்கள். அவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டே சிக்ஸ் எயிட்டில் இறங்கினார். இளவட்டங்கள் கையைத் தூக்கினார்கள், கால் எடுத்தார்கள், நின்றார்கள். "ஏலே, கால் சேர மாட்டக்கு" என்று ஒருவன் சிரித்தான். தம்பி என்னைப் பார்த்தான். நான் பட்டனை அழுத்தினேன்.

மண்டபம் அதிர்ந்தது. கிழவர்கள்கூட வேட்டியை மடித்துக் கட்டி இறங்கிவிட்டார்கள். சத்தமில்லாத பேடை அவர் வேர்க்க வேர்க்க அடித்துக்கொண்டிருந்தார். நான் தலையை நிமிர்த்தவில்லை. கடைசிப் பாட்டு வரைக்கும் மெஷின்தான் ஓடியது.

திரும்பும்போது வேனில் எல்லாரும் "கலக்கிட்டிய அண்ணாச்சி" என்றார்கள். சாரலுக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவர் சிரித்துக்கொண்டே வந்தார். ஏமாந்துவிட்டார் என்று எனக்கு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

வீட்டில் அவர் சட்டையைக் கழற்றிவிட்டேன். இடது கையை நான்தான் உருவி எடுக்க வேண்டும்.

"கடேசிப் பாட்டுல பாதியிலயே குச்சிய மடியில வச்சிட்டேன்" என்றார்.

சட்டையைக் கொடியில் போடத் திரும்பினேன்.

"அடி நிக்கல. ஒன்னுலயும் நாலுலயும் கரெக்டா விழுந்துச்சுட்டி."