கடைசி இலைக்காரர்

இரும்புக்கடை அருளப்பன் அண்ணன் இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது என் உரக்கடையில் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. சுமை தூக்குகிறவர்களிடம் சொன்னேன். “எல்லாரையும் முன்னால விட்டுட்டுப் பின்னால வர்ற மனுசன், இன்னைக்கு முந்திக்கிட்டாரே” என்றார் ஒருவர்.

திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் எங்கள் வியாபாரிகள் சங்கத்துக்குப் பதினாலு வருஷம் அவர்தான் தலைவர். அந்த நாற்காலி மேல் எனக்கு ஒரு கண். ஊருக்கெல்லாம் தெரிந்ததுதான், மறைத்து என்ன ஆகப்போகிறது? எதிர்த்து நின்றேன். டிரான்ஸ்பார்மர் உயரத்துக்கு என் படம் போட்டு பேனரும் வைத்தேன்.

பொதுக்கூட்டத்தில் அண்ணன் ஓட்டுக் கேட்கவில்லை. பைபிளிலிருந்து ஒரு கதை சொன்னார். மரங்களெல்லாம் சேர்ந்து ராஜா தேடின. ஒலிவம், அத்தி, திராட்சை மூன்றும், காய்க்கிற வேலையை விட்டுவிட்டு வர முடியாது என்றுவிட்டன. சரி என்றது முட்செடி மட்டும்தான். கூட்டம் என்னைப் பார்த்துச் சிரித்தது.

எழுந்துவிட்டேன். “அப்ப நான் முள்ளாண்ணே?”

“உக்காருங்க தம்பி. பதினாலு வருஷமா அந்த நாற்காலியில இருக்கிறது யாரு? முள்ளு நான்தான். முள்ளு ராஜாவா ஆகாது, வேலிக்கு ஆகும். வெளியில நின்னு ஆடு மாடு கடிக்கிறத வாங்கிக்கணும். பயிரு உள்ள இருக்கும். உங்களால முடியும்னா எடுத்துக்கங்க, நான் நிக்கல.”

போட்டியின்றித் தலைவரானேன். அந்த வருஷச் சங்க விருந்தில் முதல் பந்தியில் உட்காரப் போனவனைத் தோளில் கைவைத்து நிறுத்தினார். “யேசு சாமியே சீடர்களுக்குப் பரிமாறுனவரு. நீங்க வாளியத் தூக்குங்க. தலைவருக்குக் கடைசி இலை.” சொல்லிவிட்டு என் இடத்தில் அவர் உட்கார்ந்தார். பாயசம் இரண்டு முறை வாங்கினார். எனக்கு இலை போட்டபோது ரசமும் உடைந்த அப்பளமும்தான் மிச்சம். “பதினாலு வருஷமா இந்தப் பந்தியில சாம்பார் கண்ணுல பட்டதில்ல தம்பி” என்றார், ஏப்பம் விட்டுக்கொண்டே.

அன்றிலிருந்து வருஷா வருஷம் எனக்கு ரசம்தான். முணுமுணுத்துக்கொண்டேதான் சாப்பிட்டேன். ஆனால் பஸ் ஸ்டாண்ட் கடைகளைக் காலி செய்யச் சொன்ன தகராறில் கடைக்காரர்கள் என் பின்னால் நின்றது பேனரைப் பார்த்து அல்ல, என் கையில் வாளியைப் பார்த்துப் பழகியதால்.

போன வாரம் அவருடைய முப்பதாம் நாள் பூசை. சாப்பாட்டில் நானே பரிமாறினேன். கடைசியில் உட்கார்ந்ததும் அண்ணி ஒரு தூக்குச்சட்டியுடன் வந்தார்.

“உங்களுக்குன்னு சாம்பார் எடுத்து வச்சேன் தம்பி. சங்க விருந்தன்னைக்கெல்லாம் அவருக்கு இப்படித்தான் வீட்டுல எடுத்து வைப்பேன். வந்து ஒரு கட்டு கட்டுவாரு. உங்ககிட்ட சொல்லலையா?”

சொல்லவில்லை. வேலி, வாளி எல்லாம் சொல்லித்தந்தவர் அதை மட்டும் சொல்லவில்லை.

கடைசி இலை அவரிடமிருந்து எனக்கு வந்தது, யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். வீட்டில் மட்டும் சாம்பார் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.