உறை பிரிக்காத புத்தகம்

வீட்டு உபயோகப் பொருள் கடையில் டெமோ காட்டுகிறவளுக்குச் சோறு போடுவது, பொருளோடு வருகிற புத்தகத்தை யாரும் வாசிக்க மாட்டார்கள் என்கிற ஒரே நம்பிக்கைதான். உங்கள் வீட்டிலும் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் நாலைந்து புத்தகங்கள் பாலித்தீன் உறையோடு இருக்கும். சத்தியமாகச் சொல்லுங்கள், ஒன்றையாவது பிரித்திருக்கிறீர்களா? வெட்கப்பட வேண்டாம். நாமெல்லாம் ஒரே ஜாதிதான்.

கோவில்பட்டியில் ஒரு கடையில் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். அதுவரை தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஃபேன் காற்றும் உட்கார நாற்காலியும் உள்ள வேலை கிடைத்ததே என்று மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். முதலாளி முதல் நாளே மூன்று விரலைக் காட்டினார். "நீ டெமோ காட்டுன வீட்டுல இருந்து மூணு மாசத்துக்குள்ள 'ஓடல, எரியல'ன்னு எனக்கு மூணு போன் வந்துச்சுன்னா, நீ பழைய ஆபீஸ்க்கே போயிரு" என்றார்.

பெட்டிக்குள் போனது

முதல் போன் பசுவந்தனையிலிருந்து வந்தது. நல்ல நிலபுலன் உள்ள குடும்பம். கரண்ட் அடுப்பு வாங்கியிருந்தார்கள். நான் கடையிலிருந்து எவர்சில்வர் பாத்திரம் கொண்டுபோய், இரண்டே நிமிஷத்தில் வெந்நீர் கொதிக்கவைத்துக் காட்டினேன். வீடே கைதட்டியது. புத்தகத்தைக் கொடுத்தபோது வீட்டுக்கார ஐயா இரண்டு கையாலும் வாங்கி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பட்டா, பத்திரம் வைக்கிற இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

மறுநாளே அடுப்பு சூடேறவில்லை என்று முதலாளிக்குப் போன் போட்டுவிட்டார்கள். பதறியடித்துப் போய்ப் பார்த்தால், அடுப்பின் மேல் ஒரு அலுமினியச் சட்டி உட்கார்ந்திருக்கிறது. அந்த அடுப்பு அலுமினியத்தை ஏறெடுத்தும் பார்க்காது. நான் வெந்நீர் வைத்த பாத்திரத்தைக் கையோடு கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய்விட்டேன், அதைச் சொல்லவும் மறந்துவிட்டேன். "ஐயா, எந்தப் பாத்திரம் வைக்கணும்னு புஸ்தகத்துல படமே போட்டிருப்பாங்க, எடுங்க காட்டுதேன்" என்று சமாளித்தேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"இன்னைக்குச் செவ்வாக்கிழமைல்லா, பெட்டியில இருந்து காயிதம் வெளிய எடுக்கப்பிடாது, நீ வாயாலயே சொல்லு தாயி."

சட்னிக்கு ஓய்வில்லை

இரண்டாவது போன் கயத்தாறிலிருந்து. லாரிகள் நிற்கிற இடத்தில் இட்லிக் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், வீட்டுக்கு என்று சொல்லி ஒரு மிக்ஸி வாங்கினார். வாங்கிய மறுநாள் அது இட்லிக் கடைக்கு வந்துவிட்டது. அதிகாலையிலிருந்து தேங்காய்ச் சட்னி, காரச் சட்னி என்று நிறுத்தாமல் அரைத்ததில் ஒன்பது மணிக்குப் புகைந்து நின்றுவிட்டது.

மிக்ஸிக்கு அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. சூடு மிஞ்சினால் அது வெளியே துள்ளிவிடும். ஆறவைத்து அமுக்கினால் மறுபடி ஓடும். அமுக்கி ஓடவைத்துவிட்டு, "அஞ்சு நிமிஷம் ஓட்டினா கொஞ்ச நேரம் ஓய்வு குடுக்கணும் அண்ணாச்சி, புஸ்தகத்துலயே போட்டிருக்கு" என்று கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னேன். புத்தகம் எங்கே என்று கண்ணால் தேடினேன். பில் கல்லாவில் இருந்தது, புத்தகத்தின் இரண்டு தாள் வடைக்கு அடியில் எண்ணெய் குடித்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"மிசினுக்கு ஓய்வு குடுக்கணும்னு எழுதிப்போட்டானே, எனக்கு ஓய்வு குடுக்கணும்னு எவனாவது எழுதியிருக்கானா பிள்ள?"

நாலு மணி நேர ஜெபம்

எல்லாரையும் ஒரேயடியாகக் குறை சொன்னால் பாவம் பிடிக்கும். புத்தகத்தில் சொன்னபடி அட்சரம் பிசகாமல் நடந்த வீடும் ஒன்று உண்டு. வண்டியில் ஆடி அலுங்கி வந்த பிரிட்ஜை நாலு மணி நேரம் சும்மா நிறுத்திவைத்த பிறகே சுவிட்ச் போடவேண்டும் என்பது விதி. ஊரில் எவரும் கேட்பதில்லை. இறக்கின கையோடு ஐஸ் கட்டி எங்கே என்பார்கள்.

கோவில்பட்டியிலேயே ஒரு சி.எஸ்.ஐ. குடும்பம். பிரிட்ஜுக்கு முன்னால் பாய் விரித்து, போதகர் வந்து ஜெபித்து, பாட்டுப் பாடி, சொந்தபந்தம் சாட்சி சொல்லி முடிக்கச் சரியாக நாலு மணி நேரம் ஆயிற்று. கத்தோலிக்கப் பெண்ணான நானும் கடைசி வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப்போனாலும் மனசு குளிர்ந்திருந்தது. வீட்டுக்காரரிடம், "புஸ்தகத்துலயும் நாலு மணி நேரம்தான் சார் போட்டிருக்கு" என்றேன்.

"கம்பெனிக்காரன் சொன்னா எவம்மா கேப்பான், ஆண்டவருக்குன்னா நாலு நாள்னாலும் இருப்போம்."

முதலாளியின் இரண்டு விரல்

இதற்குள் முதலாளி என்னைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு விரலைத் தூக்கிக் காட்ட ஆரம்பித்திருந்தார். வாடிக்கையாளருக்கு நடுவில் நின்றாலும் காட்டுவார். எனக்குச் சோறு இறங்கவில்லை. கனவிலெல்லாம் லேபிள் பசை வாடை அடித்தது.

கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. அவருக்குப் போன் போனால்தானே வினை? ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் என் செல் நம்பரை எழுதி, 'சந்தேகம் இருந்தால் முதலில் எனக்குப் பேசவும் – மெர்சி' என்று போட்டுக் கொடுத்தேன். இரண்டு வாரம் காத்திருந்தும் ஒருத்தர்கூடப் பேசவில்லை. லோடு வண்டி ஓட்டும் தங்கராசு அண்ணாச்சியிடம் புலம்பினேன். அவர் பீடியை அணைத்துவிட்டுச் சிரித்தார்.

"புஸ்தகத்தத் தொறந்தாத்தானட்டி ஒன் நம்பர் கண்ணுல படும்!"

ஏழாம் பக்கம்

அந்தச் சமயத்தில்தான் நாகலாபுரத்துக்கு ஒரு வாஷிங் மெஷின் போனது. தெலுங்கு பேசுகிற, விவசாயம் பார்க்கிற சம்சாரி வீடு. புதுசாக வந்த மருமகள் ஜோதிக்கு அவளுடைய அப்பா கொடுத்த சீர் அது. முன்பக்கம் கதவு வைத்த மெஷினை எங்கள் கடை விற்றது அதுவே முதல் தடவை. மேலே மூடி திறக்கிற மெஷின்தான் எனக்குத் தெரியும். பொத்தான்களை மட்டும் காட்டினேன். ஓட்டிக் காட்டலாம் என்றால் மாமியார் விடவில்லை. "சும்மா ஓட்டி எதுக்குத் தண்ணிய வீணாக்க? தண்ணி வார அன்னைக்கு நாங்களே ஓட்டிக்கிடுதோம்" என்றார். விட்டது சனியன் என்று கிளம்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் என் செல் அடித்தது. மெல்லிய குரல். "அக்கா, நாகலாபுரத்துல இருந்து ஜோதி பேசுதேன். மெஷினுக்குப் பின்னால நாலு போல்ட் இருக்கு. ஓட்டுததுக்கு முன்ன கழட்டணும், கழட்டாட்டா மெஷின் குதிச்சு உள்ள ஒடஞ்சு போகும்னு ஏழாம் பக்கத்துல போட்டிருக்கு. நீங்க கழட்டலையேக்கா?"

வண்டியில் வரும்போது உள் டிரம் ஆடாமலிருக்கப் போடும் போல்ட் அது. ஊரெல்லாம் 'வாசிங்க, வாசிங்க' என்று உபதேசம் செய்தவள் ஒரு புத்தகத்தையும் வாசித்ததில்லை. தங்கராசு அண்ணாச்சி வாயால் சொன்னதைத்தான் நான் வீடு வீடாக ஒப்பித்துக்கொண்டிருந்தேன். மெஷின் உடைந்திருந்தால் முதலாளியின் மூன்றாவது விரல் எழும்பியிருக்கும். அந்தப் பெண்ணுக்கு இன்னும் மோசம். 'ஒங்கப்பன் குடுத்த சீரு ஒரு நாளு தாங்கலியே' என்கிற பேச்சை ஆயுசு முழுக்கக் கேட்டிருப்பாள்.

"ஓட்டிட்டீங்களாம்மா?" என்றேன்.

"இன்னைக்குத் தண்ணி வந்துட்டுது, அத்தை ஓட்டச் சொன்னாவ. காலண்டர்ல மரணயோகம் போட்டிருக்குன்னு சொல்லி நிப்பாட்டி வச்சிருக்கேன். நாளைக்குள்ள வந்துருங்கக்கா."

கடைக் காலண்டரைத் திரும்பிப் பார்த்தேன். அன்றைக்குச் சித்தயோகம்.

மறுநாள் முதல் பஸ்ஸில், முதலாளியிடம் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு, தங்கராசு அண்ணாச்சியின் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். முந்தின ராத்திரி பெய்த மழையில் கரிசல் மண் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு போய்ச் சேர்ந்தேன். "மெஷினத் தொடச்சிட்டுப் போக வந்தேன் அம்மா" என்று மாமியாரிடம் இரண்டாவது பொய். நாலு போல்ட்டையும் கழற்றி, முந்தின நாள் பிடித்துவைத்த தண்ணீரில் மெஷினை ஓடவிட்டதும் அது தொட்டில் குழந்தை மாதிரி சத்தமில்லாமல் சுற்றியது. ஜோதியும் நானும் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

மெஷின் மேல் அந்தப் புத்தகம் கிடந்தது. உறை பிரித்து, ஓரமெல்லாம் மடங்கி, நடுவில் அடையாளத்துக்கு ஒரு விளக்குமாற்றுக் குச்சி. என் தொழிலில் அப்படி ஒரு புத்தகத்தை அதுவரை பார்த்ததில்லை. "முழுசாவாம்மா வாசிச்ச?" என்றேன். "மூணு வாட்டி" என்றாள். பி.எஸ்சி. படித்தவளாம். எல்லாரும் காட்டு வேலைக்குப் போனபின் பகலெல்லாம் வீட்டில் தனியாக இருப்பாளாம். பேப்பர் வாங்குகிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"வேற மெஷினோட புஸ்தகம் சும்மா கெடந்தா கொண்டாங்கக்கா, இங்கன வாசிக்கதுக்கு அந்தக் காலண்டர விட்டா ஒண்ணுமில்ல."

திரும்பும் பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, பையில் இருந்த ஒரு கிரைண்டர் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் லோடு போகும்போதெல்லாம் பிரிட்ஜ், கிரைண்டர், அவள் வீட்டில் என்றைக்கும் வரப்போகாத ஏசி என்று எல்லாப் புத்தகமும் கொடுத்தனுப்பினேன். அப்புறம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய வாரப் பத்திரிகைகளும் நாவல்களும் போயின. மூன்று மாதம் முடிந்த அன்று முதலாளி தம் இரண்டு விரலையும் மடக்கிக்கொண்டு, "பரவால்லயே, ரெண்டோட நின்னுட்டுது" என்றார். எப்படி நின்றது என்று நான் இதுநாள்வரை அவரிடம் சொல்லவில்லை.

புதுசாக வந்தது

இப்போது அதே கடையில் எனக்குக் கீழே இரண்டு பெண்கள் டெமோவுக்குப் போகிறார்கள். எந்த மாடல் வந்தாலும் முதலில் நான் புத்தகத்தை வாசித்துவிட்டுத்தான் அவர்களை அனுப்புவேன். போன மாதம் ஜோதி வீட்டுக்கு இரண்டாவது வாஷிங் மெஷின், டெமோ வேண்டாம் என்று அவள் சொன்னதால் பெட்டி பிரிக்காமலே போயிற்று. அன்று சாயங்காலமே செல் அடித்தது. போல்ட் பிரச்சினையோ என்று பதறி எடுத்தேன். பின்னால் மாமியார் தெலுங்கில் என்னவோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"போல்ட்டெல்லாம் நானே கழட்டிட்டேன்க்கா, ஆனா உள்ள புஸ்தகத்தையே காணும், செல்லுல பாருன்னு ஒரு க்யூ.ஆர். கட்டத்த ஒட்டி அனுப்பியிருக்கான், ரெண்டு நாளா இதுக்குத்தான காத்துக் கெடந்தேன்!"

பதினைந்து வருஷத்தில் புத்தகத்தைத் திறந்து வாசித்த வாடிக்கையாளர் எனக்கு வாய்த்தது ஒரே ஒருத்திதான், அவளுக்கும் புத்தகம் வைக்காமல் அனுப்பிவிட்டார்கள் கம்பெனிப் புண்ணியவான்கள்.